விளையாடாதவர்கள் தரும் தீர்ப்பு

1927இல் இந்தியாவில் சினிமாவின் நிலையை ஆராய பிரிட்டிஷ் அரசு ஒரு குழுவை அமைத்தது. தலைவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். நாடெங்கும் முக்கியமானவர்களுக்குக் கேள்வித்தாள் போனது, காந்திக்கும் போனது. அவர் எழுதிய பதிலின் சாரம் இதுதான்: நான் சினிமாவுக்குப் போனதே இல்லை, ஆகவே பதில் சொல்லத் தகுதியற்றவன், ஆனாலும் அது செய்துவரும் கேடு வெளியே நிற்பவனுக்கும் தெரிகிறது, நன்மை ஏதாவது உண்டென்றால் அது இனிமேல்தான் நிரூபணமாக வேண்டும்.

தகுதி இல்லை என்பதும் தீர்ப்பும் ஒரே கடிதத்தில். ஆனால் காந்தி, பார்த்ததில்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டார். இன்று வீடியோ கேமைப் பற்றி மேடையிலும் பத்திரிகையிலும் வீட்டு வரவேற்பறையிலும் தீர்ப்பு வழங்குகிறவர்கள் அந்த ஒரு வரியைச் சொல்வதில்லை.

அவர்கள் கட்சியைப் பலமாகவே எடுத்துவைப்போம். கேம் என்பது சிறுவர் சமாச்சாரம். ரசனை வளர வளரத் தானாக உதிர வேண்டியது. முப்பது வயதிலும் ஒருவர் விளையாடுகிறார் என்றால் அவரிடம் ஏதோ குறை. நாவல் படிக்கும் நேரத்தையும் நல்ல படம் பார்க்கும் நேரத்தையும் அது தின்றுவிடுகிறது. ஒரு பக்கம் இலக்கியம், சினிமா, இசை, காமிக்ஸ் (காமிக்ஸுக்கே இந்தப் பட்டியலில் இடம் கிடைத்தது சமீபத்தில்தான்). மறுபக்கம் சாத்திய கதவுக்குள் ஒரு திரையும் ஒரு பையனும்.

இந்தச் சுவரே கற்பனை என்பதுதான் என் வாதம். கேம்களைச் செய்தவர்கள் சினிமாப் பைத்தியங்கள், காமிக்ஸ் வெறியர்கள், புத்தகம் விற்காத நாவலாசிரியர்கள். வேறு ஏதாவது ஒன்றில் ருசி உள்ளவருக்குத்தான் கேம் நன்றாகப் பிடிபடும். பிடிபட்டவர் மற்றவற்றுக்குக் கூடுதல் பசியோடு திரும்பிப்போகிறார்.

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டுக் கம்ப்யூட்டர் சென்டர்களில் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' ஆடாதவர்கள் குறைவு. டாஸ் திரையில் 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று தட்டினால் குறுக்குவழி திறக்கும் என்ற ரகசியம், லோட்டஸ் பாடத்தைவிட வேகமாகப் பரவியது. 1989இல் வந்த அந்த கேமை எழுதியவர் ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர். திரைக்கதை எழுத வேண்டும் என்ற ஆசை அவருக்குப் பாதி, நிரல் எழுதும் வேலை பாதி. தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டு வீடியோவில் பிடித்து, அந்த அசைவுகளைச் சட்டகம் சட்டகமாகத் தீட்டி இளவரசனுக்குக் கொடுத்தார். வாள் சண்டைக்கு 1938இல் எரால் ஃப்ளின் நடித்த ராபின் ஹூட் படத்தின் கடைசிச் சண்டையை எடுத்துக்கொண்டார். பொறிகளைத் தாண்டி ஓடும் பரபரப்பு, 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்தின் முதல் சில நிமிடங்களிலிருந்து வந்தது. இசை அவருடைய அப்பா அமைத்தது. கெட்ட மந்திரி, சிறைப்பட்ட இளவரசி, ஒரு மணி நேரக் கெடு: இது ஆயிரத்தோரு இரவுகளின் மரபு. எம்.ஜி.ஆர். 1956இல் அலிபாபாவாகவும் 1960இல் 'பாக்தாத் திருட'னாகவும் வாள் சுழற்றியது அதே மரபின் இன்னொரு கிளையில். சென்டரில் அந்த இளவரசனைத் தாவவைத்த பையனுக்கு அவன் எந்தப் படத்தைப் பார்க்கிறான், எந்தக் கதையைக் கேட்கிறான் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அப்போது பக்கத்தில் நின்ற பெரியவர்களுக்குத் தெரிந்தது கரண்ட் செலவு ஒன்றுதான்.

ஜப்பானியக் கதையும் இதுவே. மியமோட்டோ ஷிகெருவுக்கு மங்கா வரைய ஆசை. 1981இல் அவர் செய்ய நினைத்தது பாப்பாய் கேம். உரிமை கிடைக்காததால் பாப்பாயின் முரட்டு எதிரி இருந்த இடத்தில் ஒரு குரங்கு வந்தது, பாப்பாய் இருந்த இடத்தில் பின்னாளில் மரியோ ஆன மீசைக்காரத் தொழிலாளி வந்தான். அந்தக் குரங்கு எங்கள் கிங் காங்தான் என்று யுனிவர்சல் ஸ்டுடியோ வழக்குப் போட்டது. கிங் காங் கதை யாருக்கும் சொந்தமில்லை என்று முன்பு இன்னொரு வழக்கில் வாதாடியதும் இதே ஸ்டுடியோ என்பது நீதிமன்றத்தில் வெளிவந்து, வழக்குத் தோற்றுப்போனது. 'டிராகன் பால்' வரைந்த அகிரா தோரியாமாதான் 1986இல் 'டிராகன் குவெஸ்ட்' கேமின் முகங்களையும் வரைந்தார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகள் அணிவகுத்தபோது முதலில் ஒலித்தது அந்த கேமின் இசை. வெளியே காட்டத் தக்க பண்பாடு எது என்பதில் ஜப்பானியர்களுக்குக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

படித்தவர்களின் எதிர்ப்புக்கு மிகச் சிறந்த வக்கீல் ரோஜர் ஈபர்ட். அமெரிக்க சினிமா விமர்சகர், நான் மதிப்பவர். 2010 ஏப்ரலில், வீடியோ கேம் ஒருநாளும் கலையாக முடியாது என்று எழுதினார். கேமில் விதிகள் உண்டு, புள்ளிகள் உண்டு, ஜெயிக்கலாம். நாவலை யாரும் ஜெயிப்பதில்லை, அதை அனுபவிக்கத்தான் முடியும் என்பது அவர் வாதத்தின் முதுகெலும்பு. ஆயிரக்கணக்கில் எதிர்வினை வந்தது. ஜூலையில் அவரே இன்னொரு கட்டுரை எழுதி, விளையாடிப் பார்க்காமல் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றார். கருத்தை அடியோடு மாற்றிக்கொள்ளவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், 1994இல் பழைய ஜப்பானிய நகரத்தில் அலையவிடும் 'காஸ்மாலஜி ஆஃப் கியோட்டோ' என்ற கேமை ஆடிவிட்டு மனம்விட்டுப் பாராட்டி எழுதியவரும் இதே ஈபர்ட்தான். ஆடியபோது ரசித்தார், ஆடாதபோது தத்துவம் பேசினார்.

ஜெயிப்பது பற்றிய அந்த வாதத்துக்கு நேரான பதில் எஸ்டோனியாவிலிருந்து வந்தது. ராபர்ட் குர்விட்ஸ் 2013இல் ஒரு நாவல் வெளியிட்டார். விற்கவில்லை. மனமுடைந்து குடித்தார். நண்பர்கள் சேர்ந்து, அதே கற்பனை உலகத்தை 2019இல் 'டிஸ்கோ எலீசியம்' என்ற கேமாக ஆக்கினார்கள். குடித்துச் சீரழிந்த ஒரு போலீஸ் துப்பறிவாளர் தன் பெயரே மறந்து விடுதி அறையில் விழிக்கிறார். விடுதியின் பின்பக்கம் ஒரு பிணம் தொங்குகிறது. கேம் முழுக்கப் பேச்சுதான். பத்து லட்சம் சொற்களுக்கு மேல் எழுதியிருக்கிறார்கள். துப்பறிவாளரின் மண்டைக்குள் 24 குரல்கள்: தர்க்கம், பச்சாதாபம், அதிகார வெறி என்று ஒவ்வொன்றும் குறுக்கே புகுந்து வாதாடும், சில சமயம் பொய்யும் சொல்லும். தோற்ற புரட்சி, தொழிற்சங்கம், துறைமுக முதலாளிகள், பழைய காதல் எல்லாம் வரும். இதில் எதை ஜெயிப்பது? தப்பான விடையைத் தேர்ந்தெடுத்து அவமானப்பட்டால்தான் சில நல்ல காட்சிகளே கிடைக்கும். வாசிப்பைக் கொல்கிறது என்று குற்றம் சாட்டப்படும் கூண்டில் இப்படி ஒரு நாவல் நிற்கிறது. அதைப் படிக்க லட்சக்கணக்கானோர் காசு கொடுத்தார்கள். கேம் விருது விழா மேடையில் இந்தக் குழுவினர் மார்க்ஸுக்கும் எங்கெல்ஸுக்கும் நன்றி சொன்னார்கள். நம் இலக்கிய விழாக்களிலேயே அது அருகிவிட்டது.

புத்தகத்துக்கும் கேமுக்கும் உள்ள போக்குவரத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் போலந்துக்குப் போக வேண்டும். ஆந்த்ஷேய் சப்கோவ்ஸ்கி 1986இல் ஒரு பத்திரிகைப் போட்டிக்கு அரக்கர்களைக் கூலிக்குக் கொல்பவன் ஒருவனைப் பற்றிக் கதை எழுதி மூன்றாம் பரிசு வாங்கினார். கதை வளர்ந்து நாவல் வரிசையாகி, போலந்தில் பெரும் புகழ் பெற்றது. கேம் செய்ய உரிமை கேட்டு வந்த இளைஞர்களிடம் அவருக்கு நம்பிக்கை இல்லை. லாபத்தில் பங்கு வேண்டாம், மொத்தமாகக் கொடுங்கள் என்று ஒரு தொகையை வாங்கிக்கொண்டார். 'தி விட்சர்' கேம் 2007இல் வந்தது. அவருடைய முதல் நூல் ஆங்கிலத்தில் வந்ததும் அதே ஆண்டில்தான். 2011இல் போலந்துப் பிரதமர் டஸ்க், வந்திருந்த ஒபாமாவுக்கு இரண்டாம் கேமைப் பரிசளித்தார். 2015இல் மூன்றாவது கேம் உலகையே பிடித்தது. 2018இல் சப்கோவ்ஸ்கி ஆறு கோடி ஸ்வாட்டி கேட்டு நோட்டீஸ் அனுப்பியதும் மறு ஆண்டு சமரசமானதும் தனிக்கதை. 2019 கடைசியில் நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்தது. அதைப் பார்த்தவர்கள் கேமுக்கும், கேம் ஆடியவர்கள் புத்தகத்துக்கும் ஓட, முப்பது ஆண்டு பழைய கதைகள் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஏறின.

இது வியாபாரப் பக்கம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மூன்றாவது கேமில் உள்ள ஒரு சிறிய பணி. இரவில் ஒரு தீவில், ஊர் மந்திரவாதி ஒருவர் செத்தவர்களின் ஆவிகளை அழைத்துத் திருப்திப்படுத்தும் சடங்குக்குக் காவல் நிற்க வேண்டும். நம்மூரில் மகாளய அமாவாசைக்குப் படையல் வைக்கிறவருக்கு அந்நியமாகவே தோன்றாது. அது போலந்தின் தேசியக் கவி ஆடம் மிட்ஸ்கியேவிச் எழுதிய 'ஜியாடி' நாடகத்தின் நிழல். 1968 ஜனவரியில் வார்சாவில் அந்த நாடகத்தை கம்யூனிஸ்ட் அரசு தடைசெய்ததும்தான் மாணவர் போராட்டம் வெடித்தது. இந்தப் பெயரை ஒரு ஐரோப்பிய இலக்கிய வரலாற்று நூலில் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய தமிழர் எத்தனை பேர்? அந்தத் தீவில் ஒரு இரவு நின்றுவிட்டு, இது என்ன சடங்கு என்று தேடிப் போகக்கூடியவர் மதுரையிலும் மட்டக்களப்பிலும் உண்டு. எல்லோரும் தேடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லா வாசகரும் அடிக்குறிப்பைப் படிக்கிறார்களா என்ன?

சீனாவைப் பாருங்கள், இன்னும் சுவாரஸ்யம். 2021 ஆகஸ்டில் அரசு சார்ந்த ஒரு நாளிதழ் ஆன்லைன் கேம்களை மனத்துக்கு ஊட்டும் அபின் என்று எழுதியது. டென்சென்ட் பங்குகள் அன்றே சரிந்தன. அதே மாதக் கடைசியில், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டும் ஆன்லைனில் விளையாடலாம் என்று விதி. கிட்டத்தட்ட மூன்று ஆண்டு கழித்து, 2024 ஆகஸ்ட் 20 அன்று 'பிளாக் மித்: வூகாங்' வெளிவந்தது. மூன்றே நாளில் ஒரு கோடி விற்றது. அபினைப் பற்றி எச்சரித்த அதே அரசு ஊடக உலகம் தேசத்தின் பெருமை என்று கொண்டாடியது.

கதை பதினாறாம் நூற்றாண்டின் 'மேற்கு நோக்கிய பயணம்' நாவலிலிருந்து கிளைத்தது. அதில் குரங்கு வீரன் காவல் காத்துக் கூட்டிப்போகும் துறவி, நம் பள்ளிப் பாடத்தில் காஞ்சிபுரத்துக்கு வந்தவராக இரண்டு மார்க் கேள்வியில் சிக்கிக்கிடக்கும் அதே யுவான் சுவாங்தான். சீனர்கள் இந்தக் கதையை மூலத்தில் படித்து மட்டும் வளரவில்லை. 1986இல் தொலைக்காட்சித் தொடராக வந்தது, விடுமுறைதோறும் மறு ஒளிபரப்பானது. அந்தத் தொடரின் தொடக்க இசையை கேமில் புதிதாக வாசித்துச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டாம் அத்தியாயத்தில் மஞ்சள் மண் மேட்டில் தலையில்லாத ஒருவன் மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டிக்கொண்டு பாடுகிறான். அது ஷான்ஷி மாகாணத்தின் வடபுறத்தில் ஊர் ஊராகப் போய்க் கதை சொல்லும் பாணர்களின் பாட்டு; நம் வில்லுப்பாட்டுக்குத் தூரத்து உறவு. அப்படி ஒரு கலை இருப்பதே தெரியாத நகரத்து இளைஞர்கள் அதைத் தேடிக் கேட்டார்கள். கேமில் வரும் கோயில்களும் சிலைகளும் 36 உண்மையான இடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றில் 27, ஷான்ஷியோடு பெயர் ஒலி ஒத்த இன்னொரு மாகாணமான ஷான்சியில் இருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் அதிகம் எட்டிப்பார்க்காத கோயில்களில் கூட்டம் வரிசை கட்டியது. கதவைச் சாத்திக்கொண்ட பையன் என்று சொல்லப்பட்டவன் கடைசியில் போய் நின்றது மிங் காலத்துச் சுதைச் சிற்பங்களுக்கு முன்னால்.

இனி எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் உண்மையான சீட்டுகள். அடிமையாதல் உண்டு. உலக சுகாதார நிறுவனம் அதை நோய்ப்பட்டியலில் சேர்த்தது, அந்தப் பட்டியல் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. நான் இதை மறுக்கப் போவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கச் சொல்லும் தந்திரம் சூதாட்டமேதான். பெல்ஜியம் 2018இல் அதைத் தடைசெய்தது சரி. ஆனால் ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து உயிரை விட்டவர்களின் கதையைக் காட்டி வீடியோ கேமைக் கண்டிக்கும் தலையங்கங்கள் எனக்குப் பொறுக்கவில்லை. நீதிபதி சந்துரு தலைமையில் தமிழ்நாடு அரசு 2022இல் அமைத்த குழுவின் கவலை, பணம் வைத்து ஆடும் ஆட்டம். அதற்கும் 'டிஸ்கோ எலீசிய'த்துக்கும் உள்ள உறவு, சீட்டுக் கம்பெனிக்கும் வங்கிப் பாஸ்புக்குக்கும் உள்ள உறவுகூட இல்லை. பப்ஜியை 2020இல் இந்திய அரசு தடைசெய்ததும் பையன்கள் கெட்டுப்போகிறார்கள் என்பதற்காக அல்ல. சீனாவோடு எல்லைத் தகராறு நடந்த காலத்தில் நாட்டின் பாதுகாப்பு என்று காரணம் சொல்லி, 118 செயலிகளில் ஒன்றாக.

வன்முறை என்பார்கள். 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சிறுவர்களுக்கு வன்முறை கேம் விற்கத் தடைவிதித்த கலிஃபோர்னியச் சட்டத்தை 7க்கு 2 என்று ரத்து செய்தது. தீர்ப்பு எழுதிய ஸ்காலியா பழமைவாதி. கிழவியை அடுப்பில் தள்ளும் கிரிம் சகோதரர்களின் தேவதைக் கதைகளை எடுத்துக்காட்டித்தான் அவர் வாதிட்டார். நம் பக்கத்தில் நல்லதங்காள் இருக்கிறாள். ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போட்டவளின் கதையை ராத்திரிச் சோற்றோடு கேட்டுத்தான் பல தலைமுறை தூங்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் பதின்வயதினரை வைத்து ஆக்ஸ்ஃபோர்டில் செய்து 2019இல் வெளியான ஆய்வு, வன்முறை கேமுக்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தென்படவில்லை என்றது. போதும்.

நேரம் வீண் என்பதுதான் நடுத்தர வர்க்க வீட்டின் கடைசி அஸ்திரம். 'விட்சர்' மூன்றாம் பாகத்தை முடிக்க ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒப்புக்கொள்கிறேன். 'பொன்னியின் செல்வன்' எத்தனை மணி நேரம்? ஐபிஎல் பருவத்தில் ஒரு மாலைக்குக் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம், இரண்டு மாதம். அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறோம். மூன்று வருடம் ஓடும் மெகா சீரியலைப் பற்றி நான் பேசினால் வீட்டில் சோறு கிடைக்காது.

கேமுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் சிலரும் எனக்கு எரிச்சலூட்டுகிறார்கள். சினிமாவைவிட அதிக வருமானம் என்பார்கள். டாஸ்மாக்கிலும்தான் வருமானம். கையும் கண்ணும் ஒருங்கிணையும், மூளை கூர்மையாகும், இ-ஸ்போர்ட்ஸில் வேலை கிடைக்கும் என்பார்கள். பிள்ளையை நீச்சல் வகுப்பில் சேர்க்கும் அப்பாவின் குரல் இது. தி. ஜானகிராமனைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று நாம் கேட்பதில்லையே. சுகமாக இருக்கிறது, மனசை அசைக்கிறது, இன்னொன்றைத் தேடவைக்கிறது என்பதற்கு மேல் ஒரு கலைக்கு நற்சான்றிதழ் தேவையில்லை.

எங்கே தொடங்குவது என்று நேர்மையாகக் கேட்கிறவர்களும் உண்டு. கடையில் அதிகம் விற்பதிலிருந்து தொடங்கவே தொடங்காதீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே எதில் பைத்தியமோ அந்த வாசல் வழியாக வாருங்கள். துப்பறியும் நாவலில் மூழ்குபவர் என்றால், லூகாஸ் போப் 2018இல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' இருக்கிறது. காணாமல்போன ஒரு வணிகக் கப்பல் 1807இல் ஆளில்லாமல் கரை ஒதுங்குகிறது. நீங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் இன்சூரன்ஸ் கணக்கர். அறுபது பேர் யார் யார், அவர்களுக்கு என்ன ஆனது என்று தொங்கு படுக்கையின் எண்ணையும் செருப்பையும் பேச்சின் சாயலையும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். கப்பலில் இந்திய மாலுமிகளும் உண்டு. படம் முழுக்க இரண்டே நிறம். மற்றபடி, முப்பதுகளின் கார்ட்டூனும் ஜாஸும் பிடித்தவருக்கு 'கப்ஹெட்': ஒவ்வொரு அசைவும் கையால் வரைந்தது. கஷ்டமான கேம், இளையராஜா பாட்டைப் பின்னணியில் போட்டுக்கொண்டு ஆட முடியாது.

இளையராஜா என்றதும் 'வெண்பா'. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்த் தம்பதியும் அவர்கள் மகன் கவினும். மனைவியின் பெயர்தான் வெண்பா. அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு நைந்து, எழுத்து அழிந்துகிடக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பது ஒரு புதிர், புட்டு இன்னொன்று. சமைக்கும்போது ரேடியோ பாடும். அந்தப் பாட்டுகள் கேமுக்காகவே புதிதாக மெட்டமைத்தவை. ஆனால் ஒவ்வொன்றும் தமிழ் சினிமா இசையின் ஒரு காலத்துக்குச் செய்த மரியாதை. காது உள்ளவருக்கு இரண்டு வரியிலேயே எந்தக் காலம் என்று தெரிந்துவிடும். 2024இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. முடிக்க ஒரு முழுப்படம் பார்க்கும் நேரம்கூட ஆகாது.

எனக்கு அதில் குறைகள் உண்டு. புதிர்கள் அநியாயத்துக்குச் சுலபம். பிரியாணி ஓரளவு சமைக்கத் தெரிந்தவர் யோசிக்கவே வேண்டியதில்லை. கவின் தமிழிலிருந்து விலகிப்போகும் வருடங்களை அவசரமாகத் தாவுகிறார்கள், அவன் பக்கத்து நியாயம் சரியாக எழும்பவில்லை. கடைசிப் பகுதியில் கண்ணீரைக் கொஞ்சம் கேட்டு வாங்குகிறார்கள். கவினை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன், அந்தத் தாவலில்தான் கதையே இருக்கிறது என்று ஒரு நண்பர் சாதிக்கிறார். இரண்டு வாரமாக இந்தச் சண்டை நடக்கிறது. வேறு யாராவது ஆடிவிட்டு வந்து சேர்ந்துகொண்டால் நல்லது.